கூப்பிடு தூரம்



நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு கொலை வழக்கு. எங்கள் சீனியர் எதிரி தரப்பில் ஆஜரானார். அரசு தரப்பின் மூன்றாம் சாட்சி, எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குறுக்கு விசாரணையில் சீனியர் கேட்டார்: “சம்பவ இடத்துக்கும் உங்க வீட்டுக்கும் எவ்வளவு தூரம்மா?”

“ஒரு கூப்பிடு தூரம் சாமி.”

“மீட்டர்ல சொல்லுங்க.”

“நான் என்ன அளந்தா பார்த்தேன்?”

“பத்து மீட்டர் இருக்குமா, நூறு மீட்டர் இருக்குமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

“பத்து இருக்கும்.”

புலனாய்வு அதிகாரி போட்ட உத்தேச வரைபடத்தில் அந்தத் தூரம் அறுபத்தைந்து மீட்டர். நேரம் கேட்டதற்கு, “மாடு கட்டுற நேரம்” என்றார். போலீஸ் வாக்குமூலத்தில் இரவு எட்டரை மணி என்று இருந்தது. ஆக, இரண்டு முரண்பாடு. இந்தச் சாட்சி சம்பவத்தைப் பார்க்கவே இல்லை என்று வாதிட்டோம். சந்தேகத்தின் பலன் எதிரிக்குக் கிடைத்தது. வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வரும்போது பாட்டி என்னை நிறுத்திக் கேட்டார்: “நான் சொன்னது உங்களுக்குப் புரியலையா சாமி?”

எனக்குப் புரிந்திருந்தது. நீதிபதிக்கும் பெஞ்ச் கிளார்க்குக்கும் புரிந்துதான் இருக்கும். நின்ற இடத்திலிருந்து ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிப் பார்க்கிற தூரம் அது. அறுபத்தைந்து மீட்டர் தாராளமாக அதற்குள் அடங்கும். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தாய்மொழி தமிழ். அப்படியிருந்தும், ஒரு சொல்லை மீட்டருக்கு மாற்றச் சொன்ன இடத்தில் அந்தச் சாட்சியம் முறிந்தது.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். சட்டக் கல்லூரியில் அதைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில், நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டியின் கேள்வியைப் பற்றியதுதான். உலகத்தின் மிகப் பெரிய குற்றங்களை விசாரிக்க அமைந்த நிரந்தர நீதிமன்றம் கடைசியில் ஒரு கிராமத்து மனிதரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் நிற்கிறது. அந்தச் சொல் எப்படி அந்த நீதிமன்றம் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக் நகரம் வரை போய்ச் சேருகிறது என்பதற்குச் சட்ட ஆய்வாளர்கள் நெடுங்காலம் போதிய கவனம் கொடுக்கவில்லை.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998 ஜூலை 17 அன்று ரோம் நகரில் 120 நாடுகள் ஆதரவாக வாக்களித்து இந்த நீதிமன்றத்துக்கான சாசனத்தை நிறைவேற்றின. 7 நாடுகள் எதிர்த்தன. 21 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின; இந்தியா அந்த 21-இல் ஒன்று. 2002 ஜூலை 1 முதல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க் குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்கு மட்டும் அதன் வரம்பு. 18 நீதிபதிகள். 2025 தொடக்கத்தில் உக்ரைன் சேர்ந்தபோது உறுப்பு நாடுகள் 125 ஆயின. நீதிமன்றத்துக்கென்று ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டியது நாடுகளின் பொறுப்பு.

இந்த நீதிமன்றத்தைப் போலச் சட்டப் பேராசிரியர்களின் கைபட்ட நீதிமன்றம் வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். ரோம் மாநாட்டில் சாசனத்தின் வாசகங்களை எழுதிய குழுவுக்குத் தலைவர் ஷெரீப் பஸியூனி என்ற பேராசிரியர். பின்னால் வந்த தீர்ப்புகளிலும் பேராசிரியர்களின் தடம் ஆழமாகத் தெரியும். ஒரே ஒரு உதாரணம் போதும். ஜெர்மன் அறிஞர் கிளாஸ் ரோக்ஸின் 1963-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து உத்தரவு போட்டவன், சுட்டவனுக்குத் துணைபோனவன் மட்டும்தானா? இல்லை என்றார் ரோக்ஸின். சுடுகிறவன் மறுத்தால் அவன் இடத்தில் இன்னொருவனை நிறுத்திவிடலாம் என்ற அளவுக்கு ஒரு அமைப்பையே கையில் வைத்திருப்பவன்தான் முதன்மைக் குற்றவாளி என்றார். நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணை நடந்து அதிக நாள் ஆகாத காலம் அது. 1985-இல் அர்ஜென்டினாவின் ராணுவத் தளபதிகளை விசாரித்த நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டை எடுத்துக்கொண்டது. 2008-இல் ஹேக் நீதிபதிகளும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜெர்மன் கருத்தின் எதிர்பாராத வாழ்க்கைப் பயணம் என்று சட்டப் பேராசிரியர் தாமஸ் வைகெண்ட் இதைப் பற்றி எழுதினார். ஹேக் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பிலேயே நீதிபதி ஏட்ரியன் ஃபுல்ஃபோர்ட் மாற்றுக் கருத்து எழுதினார். சாசனத்தின் சொற்களை நேராகப் படித்தாலே போதும், ஒரு நாட்டின் கோட்பாட்டை இங்கே கொண்டுவந்து நடத் தேவையில்லை என்பது அவர் நிலை. என் மனம் அவர் பக்கம்தான். ஆனாலும் ரோக்ஸினின் கேள்வி வலுவானது என்பதை மறுக்க மாட்டேன்.

நாட்டுத் தலைவருக்கு உள்ள விலக்குரிமை பற்றியும் இப்படியே. சூடான் அதிபர் அல் பஷீர் மீது 2009-லும் 2010-லும் பிடியாணை. அவர் ஜோர்டானுக்குப் போனபோது அந்த நாடு கைது செய்யவில்லை. 2018 செப்டம்பரில் அது தொடர்பான ஜோர்டானின் மேல்முறையீட்டில் பல நாட்டுச் சட்டப் பேராசிரியர்கள் நேரில் வந்து நின்று வாதிட்டார்கள். 2019 மே மாதம், தலைவர் என்பதற்காக விலக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. அதை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளை அடுக்கினால் ஒரு அலமாரி நிறையும். அவசியமான கட்டுரைகள்தான். ஆனால் பிடியாணை நிறைவேறி, ஆள் கூண்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது?

இந்த நீதிமன்றத்தின் முதல் வழக்கைப் பாருங்கள். காங்கோ ஜனநாயகக் குடியரசின் இட்டூரி பகுதியில் ஆயுதக் குழு நடத்திய தாமஸ் லுபாங்கா. பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகளைப் படையில் சேர்த்துப் போரில் இறக்கினார் என்பது குற்றச்சாட்டு. 2006 மார்ச்சில் ஹேக் கொண்டுவரப்பட்டார். விசாரணை தொடங்க 2009 ஜனவரி ஆகிவிட்டது.

ஜனவரி 28. முதல் சாட்சி ஒரு இளைஞர். பெயர் வெளியிடப்படவில்லை. இட்டூரியிலிருந்து ஹேக் ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். எதிரே லுபாங்கா உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தன்னைப் படையினர் பிடித்துப் போனார்கள் என்று காலையில் அந்த இளைஞர் சொன்னார். இடைவேளைக்குப் பிறகு, காலையில் சொன்னது உண்மையல்ல என்றார். உதவி செய்வதாகச் சொன்ன ஒரு தொண்டு அமைப்பு தனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னதாகக் கூறினார். உலகின் முதல் நிரந்தரச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் சாட்சி, முதல் நாளே பிறழ் சாட்சி ஆகிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அதே இளைஞர் திரும்ப வந்தார். இந்த முறை லுபாங்காவின் முகம் அவருக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்தார்கள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்காமல், அவர் போக்கில் சொல்லவிட்டார்கள். தான் படையில் இருந்த கதையைத் திரும்பவும் சொன்னார். எந்த நாள் சொன்னது மெய்? மூன்று ஆண்டு கழித்து, 2012 மார்ச் 14 அன்று தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் அவருடைய சாட்சியத்தை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது என்று ஒதுக்கினார்கள். அவரை மட்டுமா? குழந்தைப் போராளிகளாக இருந்ததாகச் சொல்லி வந்த சாட்சிகளில் ஏறக்குறைய எல்லோருடைய சொல்லையும் ஒதுக்கினார்கள். லுபாங்காவைக் குற்றவாளி ஆக்கிய சான்றுகளில் முக்கியமான ஒன்று வீடியோ. 2003 பிப்ரவரி 12 அன்று ருவாம்பாரா பயிற்சி முகாமுக்கு லுபாங்கா போய்ப் பேசுகிறார். எதிரே வரிசையில் நிற்கிறவர்களில் சிலர் பார்த்த மாத்திரத்தில் சிறு பிள்ளைகள். பதினான்கு ஆண்டு தண்டனை.

பிள்ளைகளின் சொல் ஏன் நிற்கவில்லை? புலனாய்வு நடந்தபோதும் இட்டூரியில் துப்பாக்கி ஓயவில்லை. வழக்குத்தொடுநரின் ஆட்கள் ஊருக்குள் போக முடியாத நிலை. ஆகவே உள்ளூர் இடைத்தரகர்களை அமர்த்திச் சாட்சிகளைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்கள். சாட்சியைக் கண்டுபிடித்ததும் அவர்கள், கூட்டிவந்ததும் அவர்கள். போதிய மேற்பார்வை இல்லாமல் விசாரணை வேலையையே அவர்கள் கையில் விட்டுவிட்டதாக நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள். சரியான கண்டனம். இருந்தாலும் அந்தப் பிள்ளைகளில் சிலர் மெய்யாகவே துப்பாக்கி தூக்கி நடந்திருக்கக் கூடும் அல்லவா? அவர்களுடைய சொல்லும் சேர்ந்தே விழுந்துபோனது. தீர்ப்பைப் படித்து முடித்த அன்று எனக்குப் பாட்டியின் ஞாபகம் வந்தது.

இப்போது சற்றுப் பின்னோக்கிப் போவோம். நிரந்தர நீதிமன்றம் வருவதற்கு முன்பு, ருவாண்டா இனப்படுகொலைக்காக ஐ.நா. அமைத்த தற்காலிகத் தீர்ப்பாயம் தான்சானியாவின் அருஷா நகரில் இருந்தது. அங்கே டாபா என்ற ஊரின் மேயர் ஜான் பால் அக்காயேசு மீது வழக்கு. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு. இனப்படுகொலைக் குற்றத்தில் ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது அதுவே முதல் முறை. மாணவர்கள் எல்லோரும் அதை அறிவார்கள். அந்தத் தீர்ப்பில் மாணவர்கள் தாண்டிப்போகும் சில பக்கங்கள் உண்டு. என்னைக் கேட்டால், தீர்ப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

சாட்சிகள் பெரும்பாலோர் கிண்யருவாண்டா மொழியில் பேசினார்கள். அது பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போக வேண்டும். மொழிபெயர்ப்பில் என்ன தவறும் என்று தெரிந்துகொள்ள நீதிபதிகள் ஒரு மொழியியல் பேராசிரியரைச் சாட்சியாக அழைத்தார்கள். மத்தியாஸ் ருசின்டானா, ருவாண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அவர் சொன்னவற்றை நீதிபதிகள் தீர்ப்பில் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பேச்சு மரபில் கேட்டதைக்கூடத் தானே கண்டதுபோலச் சொல்வது வழக்கம். அது பொய் சொல்வது ஆகாது. சங்கடமான விஷயத்தைக் கேட்டால் நேராகப் பதில் வராது, சுற்றி வரும். தேதி, மணி, தூரம், வரைபடத்தில் இடம் காட்டுவது ஆகியவை ஊர்ப்புறத்து மக்களுக்குப் பழக்கமில்லாதவை. நிதானமாக, திருத்தமாகக் கேட்டபோது, இது நான் கண்டது, இது கேட்டது என்று சாட்சிகள் தாங்களே பிரித்துச் சொன்னார்கள் என்றும் நீதிபதிகள் குறித்தார்கள். நம் கிராமத்துக் கூண்டுகளைப் பார்த்து எழுதியதுபோல இருக்கும்.

அதோடு நான்கு சொற்கள். பெண்களுக்கு நேர்ந்ததைச் சொல்லச் சாட்சிகள் குசம்பான்யா, குருங்கோரா, குர்யாமானா, குஃபாட்டா கு ங்குஃபு என்ற நான்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். மொழிபெயர்ப்பில் நான்கும் ‘வன்புணர்ச்சி’ என்றே வந்தன. எதிரி தரப்புக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்குமா? முதல் சொல்லுக்கு நெறிதவறிய உறவுக்கு ஒருவரை உட்படுத்துதல் என்று பொருள். இரண்டாவது வெறும் உடலுறவு. மூன்றாவது ஒரே படுக்கையைப் பகிர்தல். நான்காவதுதான் பலவந்தமாக எடுத்தல். நீதிபதிகள் தீர்ப்பாயத்தின் மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேட்டு வாங்கி, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று பார்த்து முடிவுக்கு வந்தார்கள். நம் பெண்கள் கூண்டில் ஏறி என்ன சொல்கிறார்கள்? ‘கெடுத்துட்டான்’. ‘நாசம் பண்ணிட்டான்’. ‘கையைப் பிடிச்சு இழுத்தான்’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. சட்டப் புத்தகத்தில் இருக்கும் சொல்லை எந்தப் பெண்ணும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காயேசு வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் குற்றமே இல்லை. விசாரணை நடுவே ‘ஜே’ என்று குறிக்கப்பட்ட ஒரு தாய், கொல்ல வந்தவர்களில் மூன்று பேர் தன் ஆறு வயது மகளைச் சீரழித்ததைச் சொன்னார். அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. தானாக வந்த சொல். நீதிபதிகள் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்டார்கள். அடுத்து ‘ஹெச்’ என்ற சாட்சி, சோளக்காட்டில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வழியாக முடியும் என்ற தீர்ப்பு அங்கிருந்து பிறந்தது. ரோண்டா கோபிலன் போன்ற பெண்ணியச் சட்ட அறிஞர்கள் அந்தத் திருத்தம் வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதியிருந்தார்கள். அவர்கள் உழைப்பு பெரிது. ஆனாலும் கதவைத் திறந்தது அந்தத் தாய்தான்.

அக்காயேசு வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பன் நகரத்துத் தமிழ் வம்சாவளி, பேருந்து ஓட்டுநர் மகள். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிச் சட்டங்களுக்கு நடுவே 1967-இல் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்தவர். பின்னால் 2003-இல் ஹேக் நிரந்தர நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவரானார். உடல் உறுப்புகளையும் செயல்களையும் பட்டியலிட்டு வன்புணர்ச்சியை வரையறுக்க முடியாது என்று அருஷா தீர்ப்பு சொன்னது. கூண்டில் நிற்கும் பெண்ணின் வாயில் அந்தப் பட்டியலைத் திணிக்கக் கூடாது என்பதை அறிந்தவர்கள் எழுதிய வரையறை அது. ஹேக் நீதிமன்றத்துக்கு வரையறை எழுதும்போது உடல் சார்ந்த விவரிப்பு மறுபடி உள்ளே வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நான்சி கோம்ப்ஸ் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் ருவாண்டா, சியரா லியோன், கிழக்குத் திமோர் வழக்குகளின் விசாரணைப் பதிவுகளை உட்கார்ந்து படித்தார். ஆயிரக்கணக்கான பக்கங்கள். 2010-இல் நூல் வந்தது. அவர் பார்த்த வழக்குகளில் வழக்குத்தொடுநர் தரப்புச் சாட்சிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம், முன்பு புலனாய்வாளரிடம் சொன்னதற்கும் நீதிமன்றத்தில் சொன்னதற்கும் கனமான முரண்பாடு இருந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதம், எவ்வளவு தொலைவு என்ற எளிய கேள்விகளுக்குப் பதில் இல்லை. நீதிபதிகள் பல சமயம் ‘கல்வியறிவு குறைவு, காலம் கடந்துவிட்டது, பண்பாட்டு வேறுபாடு’ என்று சொல்லி அதைக் கடந்துபோனார்கள் என்று காட்டினார். சிலர் துணிந்து பொய் சொன்னார்கள் என்பதையும் மறைக்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் வந்த மிக நேர்மையான ஆய்வுகளில் ஒன்று. கோட்பாட்டு மேடையை விட்டு இறங்கி, பதிவேட்டைப் பிரித்துச் சாட்சியின் வாயைப் பார்த்தார்.

பண்பாடு என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு முனை உண்டு. பாட்டியைக் காப்பாற்ற எடுக்கும் அதே வாதம், கூண்டில் நிற்கும் ஒரு நிரபராதியை ஆயுள் முழுக்கச் சிறையில் தள்ளவும் பயன்படும். சாட்சி என்ன உளறினாலும் அவர் பண்பாடு அப்படி என்று ஏற்றுக்கொண்டால் அப்புறம் குறுக்கு விசாரணை எதற்கு? கென்யா வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டா மீதான வழக்கு 2014 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அப்போதைய துணை அதிபர் வில்லியம் ரூட்டோ வழக்கு 2016 ஏப்ரலில் பாதியில் நின்றது. சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள், விலைபேசப்பட்டார்கள் என்ற புகார் அந்த வழக்குகளைச் சுற்றியே இருந்தது. அதே 2016-இல் காங்கோ அரசியல்வாதி ஜான் பியர் பெம்பாவும் அவருடைய வழக்கறிஞர் உள்ளிட்ட நால்வரும், தங்கள் தரப்புச் சாட்சிகளைக் கெடுத்ததற்காகக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. சொல் தடுமாறினால் அது பயத்தாலா, பணத்தாலா, வெறும் பழக்கத்தாலா என்று பிரிக்கத் தெரிய வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

சில நீதிபதிகள் அதற்காக நேரிலேயே போனார்கள். 2003 பிப்ரவரி 24 அன்று இட்டூரியின் போகோரோ கிராமம் தாக்கப்பட்டது. அந்த வழக்கை விசாரித்த ஹேக் நீதிபதிகள் 2012 ஜனவரியில் அந்த ஊருக்கே போய்ப் பார்த்தார்கள். எந்த மேட்டிலிருந்து எது தெரியும், எந்தப் பாதை எங்கே போகும் என்று கண்ணால் கண்டார்கள். பிறகு எழுதிய தீர்ப்பில், வழக்குத்தொடுநர் தரப்பும் வழக்குத் தொடங்கும் முன்பே அந்த இடங்களைப் போய்ப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதினார்கள். எதிரிகளில் ஒருவரான மத்யூ நுஜோலோ 2012 டிசம்பரில் விடுதலையானார். முக்கியச் சாட்சிகள் நம்பத்தக்கவர்களாக இல்லை. போகோரோ மக்கள் அன்று பட்டதை இந்த விடுதலை மறுக்கவில்லை என்றும் அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை அவர்கள் எழுதியது சரி. ஆனால் போகோரோவில் உட்கார்ந்து அதைக் கேட்பவருக்கு அது போதுமா?

இங்கே நம் நாட்டுச் சட்டம் கொடுக்கக்கூடியது ஏராளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாட்சி ஒன்றில் பொய் சொன்னால் எல்லாமே பொய் என்ற லத்தீன் முதுமொழியை நம் உச்ச நீதிமன்றம் 1957-இல் நிசார் அலி வழக்கிலேயே இந்தியாவுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. பதரைத் தூற்றி நெல்லை எடுப்பதுதான் நீதிபதியின் வேலை. 1983-இல் குஜராத்திலிருந்து வந்த பர்வாடா போகின்பாய் வழக்கில் நீதிபதி எம்.பி. தக்கர் இன்னும் விரிவாக எழுதினார். சாட்சியின் மூளை கேமரா இல்லை. நேரத்தையும் கால அளவையும் மக்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள்; ஆளுக்கு ஆள் அந்த உணர்வு மாறும். நீதிமன்றச் சூழலும் குறுக்கு விசாரணையின் கூர்மையும் பார்த்து மிரண்டு, சாட்சி கற்பனையால் இட்டு நிரப்புவதும் உண்டு. இந்தத் தீர்ப்பை என் சீனியரும் அறிவார், நானும் அறிவேன். பாட்டியின் வழக்கில் அரசு தரப்பு அதை எடுத்து வைக்கவில்லை. எங்கள் கட்சிக்காரருக்கு எதிரான தீர்ப்பை நாங்கள் ஏன் எடுத்துக்கொடுக்கப் போகிறோம்?

எழுபது ஆண்டுகளாக எழுத்தறியாத சாட்சியைக் கேட்டுப் பழகிய நாடு இது. ஆயினும் ஹேக் நீதிமன்றத்தின் சாட்சியவியல் பற்றிய விவாதத்தில் இந்தியக் குரல் அரிதாகவே கேட்கிறது. ரோம் நகரில் நாம் ஒதுங்கியதற்குக் காரணங்கள் சொன்னோம். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்துக்கு நீதிமன்றத்தின் மேல் அதிகாரம் கொடுத்தது, அணு ஆயுதத்தைப் பட்டியலில் சேர்க்காதது. அந்த ஆட்சேபங்களில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த டோக்கியோ விசாரணையில் மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ராதாபினோத் பாலின் நாடு அல்லவா? ஆனால் அரசாங்கம் கையெழுத்துப் போடாதது ஆய்வாளர் எழுதாமலிருக்கக் காரணம் ஆகாது.

நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். இந்த ஊரில் எங்கே பேசினாலும் அந்தக் கேள்வி எழும். இலங்கைப் போரில் நடந்தவற்றை இந்த நீதிமன்றம் விசாரிக்குமா? சுருக்கமான பதில்: இலங்கை ரோம் சாசனத்தில் உறுப்பு நாடு அல்ல. பாதுகாப்பு மன்றம் அனுப்பினால் விசாரிக்கலாம். அங்கே ஐந்து நாடுகளின் தடுப்புரிமை இருக்கிறது. மியான்மரும் உறுப்பு நாடு இல்லை. ஆனாலும் ரோஹிங்யா மக்களை விரட்டிய குற்றம் உறுப்பு நாடான வங்கதேச மண்ணில் நிறைவு பெறுகிறது என்று 2018 செப்டம்பரில் ஹேக் நீதிபதிகள் ஒரு வழி கண்டார்கள். இலங்கைக்கு அப்படி ஒரு வழி திறக்குமா என்று ஆருடம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, வருங்கால வழக்குகளுக்காகச் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கிறார்கள். ஒரு நாள் ஏதோ ஒரு நாட்டு நீதிமன்றத்தில் அந்தக் கட்டு பிரிக்கப்படலாம். அப்போது உள்ளே இருக்கப்போவது தமிழ்ச் சொற்கள்.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் தாய்மார்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தியவர்கள். தங்கள் பிள்ளைகளை ‘காணாமல் போனோர்’ என்று சொல்ல விடமாட்டார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்துவார்கள். அந்த ஒரு வினையில் சட்டமே இருக்கிறது. ரோம் சாசனத்தின் ஏழாவது பிரிவு, ஆளை வலிந்து காணாமல் ஆக்குவதை மானுடத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றாகச் சொல்கிறது. திருவிழாவில் குழந்தை காணாமல் போவது குற்றம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் ‘போனார்’ என்று எழுதிவிட்டால், குற்றமும் அதோடு காணாமல் போகும்.

‘செல் வந்து விழுந்தது’ என்பார்கள் வன்னியிலிருந்து வந்தவர்கள். யார் அடித்தது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்லாது. சொல்லத் தெரியாமல் அப்படிச் சொல்கிறார்களா, சொல்லப் பயந்து அப்படிச் சொல்கிறார்களா, அல்லது நம் மொழியில் அதுதான் இயல்பா? கேட்கத் தெரிந்தவர் அடுத்த கேள்வியில் தெரிந்துகொள்வார்: சத்தம் முதலில் எந்தப் பக்கம் கேட்டது? பங்கருக்குள் எந்தப் பக்கம் திரும்பிக் குனிந்தீர்கள்?

இங்கே இருக்கும் சட்ட மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் போடுங்கள். சாட்சிகள் நேரத்துக்கும் தூரத்துக்கும் வன்முறைக்கும் சொல்லும் சொற்களை, யார் எந்தச் சூழலில் சொன்னார் என்ற குறிப்போடு எழுதுங்கள். மீட்டரும் மணியும் பக்கத்தில் போடுங்கள், ஆனால் சொல்லை அழிக்காதீர்கள். நான் தொடங்கிய நோட்டில் ‘கோழி கூப்பிட’, ‘வெத்தலை போடுற நேரம்’, ‘பீடி குடிக்கிற தூரம்’ எல்லாம் இருக்கின்றன. சாட்சியங்களைப் படித்துச் சேர்த்த ஈழத்துச் சொற்களுக்குத் தனிப் பக்கம் உண்டு.

அந்தப் பக்கத்தில் முதலாவதாக எழுதியிருக்கும் சொல்லால் நானே ஒருமுறை தவறினேன். ஒரு தாயின் வாக்குமூலம், தட்டச்சு செய்தது. ‘வீட்டுக்கு வந்தவை, பிள்ளையைக் கொண்டுபோனவை’ என்று இருந்தது. நம் பக்கத்து எழுத்துத் தமிழில் ‘அவை’ அஃறிணை. வந்த பொருள்கள், எடுத்துப்போன பொருள்கள் என்று படித்து, வீட்டுக்கு ஏதோ வாகனம் வந்ததுபோல என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்கட பேச்சில ‘அவை’ எண்டால் ஆக்கள். வந்தது வாகனமில்லை. ஆக்கள்தான் வந்தவை.” நான் என் குறிப்பை அழித்தேன். வாசலுக்கு வந்தவர்கள் அந்தத் தாய் கண்ணால் கண்ட மனிதர்கள். அடுத்து அவரிடம் கேட்க வேண்டியது, அவர்கள் எத்தனை பேர், என்ன உடுப்பில் வந்தார்கள் என்பது. அந்த வாக்குமூலத்தை எழுதியவர் அதைக் கேட்டிருக்கவில்லை.